வானம் என்ன புறம்போக்கா?

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாகப் போனால் ஒடுகத்தூர் வரும். ஜவ்வாது மலையின் அடிவாரம். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். மலைக் கிராமங்களிலிருந்து வெள்ளாடும் செம்மறியுமாக விடிவதற்குள் வந்து சேர்ந்துவிடும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்கு, அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மலை முகட்டுக்கு மேலே திடீரென்று ஒரு வெளிச்ச வரிசை. நூலில் கோத்த மணி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல் நகர்ந்து போயிற்று. ஆடுகளைத் தவிர எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

பக்கத்தில் இரண்டு ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி நின்ற பெரியவர் கேட்டார்.

‘‘இன்னா சார் அது, வானத்துல ரயிலு போவுது?’’

‘‘சாட்டிலைட் பெரியவரே. அமெரிக்காவுல ஒரு கம்பெனி விட்டிருக்கு. இன்டர்நெட்டுக்காக.’’

‘‘கவர்மென்ட் இல்லையா? கம்பெனியா?’’

‘‘கம்பெனிதான்.’’

கொஞ்சம் யோசித்தார். ‘‘யாரைக் கேட்டு வுட்டான்?’’

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குள் ஆட்டுக்கு விலை கேட்டு ஆள் வந்துவிட்டதால் தப்பித்தேன். இரண்டு ஆட்டை விற்பதற்கே சந்தை வாசலில் சுங்கம் கட்டுகிற மனுஷன். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

நம் வருவாய்த்துறையில் ஓர் அருமையான சொல் உண்டு. புறம்போக்கு. இன்று அது திட்டுவதற்குப் பயன்படுகிறது. உண்மையில் அதன் அர்த்தம், யார் பெயரிலும் பட்டா இல்லாத, வரி விதிக்காத, பொது உபயோகத்துக்கான நிலம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, சுடுகாடு எல்லாம் புறம்போக்குதான். ‘யாருக்கும் சொந்தமில்லை’ என்பதற்கும் ‘எல்லோருக்கும் சொந்தம்’ என்பதற்கும் நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டை மறந்ததால்தான் நம் ஏரிகளில் பஸ் ஸ்டாண்டும் கல்யாண மண்டபமும் முளைத்தன. முதலில் ஒருத்தர் குடிசை போடுவார், பிறகு கரன்ட் கனெக்‌ஷன், பிறகு வீட்டு வரி ரசீது, கடைசியில் பட்டா. வழிமுறை நமக்கு மனப்பாடம். அதே வழிமுறை இப்போது தலைக்கு மேலே நடக்கிறது என்பது என் கட்சி.

இதை ஒடுகத்தூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து ஆலங்காயம் பக்கம் போனால், இதே ஜவ்வாது மலையில் காவலூர். நம் நாட்டின் முக்கியமான வானோக்குக்கூடம் அங்கேதான் இருக்கிறது. கொடைக்கானலில் 1899-ல் ஆரம்பித்த வானோக்குக்கூடம் பகலில் சூரியனைப் பார்ப்பதற்கு நல்ல இடம். ராத்திரி நட்சத்திரம் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று அதன் இயக்குநர் வைணு பாப்பு 1960-களில் தேடிப் பிடித்த இடம் காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்கோடி வானமும் நிறையத் தெரியும். 1968-ல், கொடைக்கானலிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1972-ல் ஒரு மீட்டர் ஜெர்மன் தொலைநோக்கி வந்தது.

அந்த ஒரு மீட்டர் கண்ணாடி செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 1977 மார்ச் 10. அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர வெளிச்சம் சில வினாடிகள் மங்கி, மீண்டும் பளிச்சென்றது. காவலூரில் பதிவு செய்த பட்டாச்சாரியாவும் குப்புசாமியும், யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது போலும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே சமயம் இந்தியப் பெருங்கடல் மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு இதே போல வரிசையாகப் பல மங்கல்கள் கிடைத்தன. துணைக்கோள் இல்லை, வளையங்கள் என்று தெரிந்தது. சனிக்கு மட்டும்தான் வளையம் என்று மூன்று நூற்றாண்டுகளாகப் பாடம் நடத்தியவர்கள் பாடத்தை மாற்றினார்கள். ஜவ்வாது மலைக் காட்டில் பதிவான அந்தச் சில வினாடி மங்கலும் அதற்கு ஒரு சாட்சி.

பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதற்கும் வானோக்குக்கூடத்துக்கும் பாப்புவின் பெயரையே சூட்டினார்கள். 1988-ல் அங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். இதெல்லாம் அரசாங்கப் பணத்தில், அதாவது ஒடுகத்தூர் பெரியவர் தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரியில் நடந்தவை.

காவலூரில் வேலை ஆரம்பிப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1967-ல், விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்காவும் ரஷ்யாவும் நிலவுக்கு ஓட்டப்பந்தயம் நடத்திய காலம். யார் முதலில் போனாலும் ‘இது என் இடம்’ என்று கொடி நட்டு வேலி போடக்கூடாது, விண்வெளி மனித குலம் முழுமைக்கும் பொது என்று எழுதினார்கள். இந்தியாவும் அந்த வருஷமே கையெழுத்துப் போட்டது. அதில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு நாட்டின் தனியார் யாராவது விண்வெளியில் எதையாவது செய்தால், அதற்கு அனுமதி தருவதும் கண்காணிப்பதும் அந்த நாட்டு அரசின் பொறுப்பு.

ஆகப் பெரியவருக்குப் பதில் இதுதான். அமெரிக்க அரசைக் கேட்டு விட்டார்கள். உங்களைக் கேட்கவில்லை. என்னையும்தான்.

ஒப்பந்தம் எழுதியவர்கள் நாடுகளை மனதில் வைத்து எழுதினார்கள். கம்பெனிகள் அப்போது அரசாங்க ராக்கெட்டில் ஒண்டிக்கொண்டு போன குடித்தனக்காரர்கள். 1962-ல் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் டெல்ஸ்டார் கூட நாசாவுக்குக் காசு கொடுத்துத்தான் மேலே போனது. திரவ எரிபொருளில் ஓடும் சொந்த ராக்கெட் என்பது 2008 செப்டம்பரில் வந்தது. மூன்று முறை தோற்றுப்போன ஸ்பேஸ்எக்ஸ் நான்காவது முயற்சியில் ஃபால்கன்-1 ராக்கெட்டைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. தனியார் உருவாக்கிய திரவ எரிபொருள் ராக்கெட் ஒன்று பூமியைச் சுற்றப் போனது அதுவே முதல் தடவை. 2019 மே மாதம் அதே கம்பெனி ஒரே மூச்சில் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை விட்டது. 2025 அக்டோபரில் ஏவிய எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. 1957-ல் ஸ்புட்னிக் போனதிலிருந்து அறுபது வருஷம் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து அனுப்பியதைவிட இது அதிகம்.

சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நமக்கு இருட்டாக இருக்கும் விடிகாலையிலும் அந்தியிலும் அவற்றின் மேல் வெயில் அடிக்கும். அதுதான் வானத்து ரயில். தொலைநோக்கி படம் எடுக்கும்போது குறுக்கே ஒன்று போனால் படத்தில் வெள்ளைக் கோடு. வானம் எழுதியது எது, கம்பெனி கிறுக்கியது எது என்று பிரிப்பதே தனி வேலையாகிவிட்டது. விஞ்ஞானிகள் சத்தம் போட்டபின் கம்பெனியும் 2020-ல் கறுப்புப் பூச்சு, பிறகு வெயில் மறைப்பு என்று முயற்சி செய்தது. நல்ல விஷயம்தான். ஆனால், அது அவர்கள் பெருந்தன்மை. சட்டம் இல்லை. லடாக்கில் ஹான்லே வானோக்குக்கூடத்தைச் சுற்றி 2022-ல் ‘இருள் வானக் காப்பகம்’ அறிவித்தோம். தரையில் எரியும் பல்புக்குக் கட்டுப்பாடு உண்டு. மேலே மினுக்கிக்கொண்டு போகும் கண்ணாடிக்கு இல்லை.

அழகுப் பிரச்னை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, இரிடியம் என்ற தனியார் கம்பெனியின் செயற்கைக்கோளும் செத்துப்போன ரஷ்ய ராணுவச் செயற்கைக்கோள் ஒன்றும் மோதிக்கொண்டன. அவ்வளவு பெரிய வெளியில் இரண்டு வண்டி முட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. துண்டு ஒவ்வொன்றும் ஒரு தோட்டா.

‘தனியாரே வேண்டாம் என்கிறாயா?’ என்று ஐ.டி. நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். இல்லை சார். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டபோது நானும் கைதட்டினேன். அதற்கு முன் 2022 நவம்பரில் ஹைதராபாத் ஸ்கைரூட். நம் பையன்கள் செய்கிறார்கள் என்று பெருமைதான். டவர் எட்டாத மலைக் கிராமத்தில் ஒரு குழந்தை ஆன்லைனில் படிக்க அந்த வானத்து ரயில் உதவும் என்றால் அதுவும் நல்லதே. நாமும் சும்மா இல்லை. ஒன்வெப் கம்பெனிக்காக 2022-லும் 2023-லுமாக இஸ்ரோ ராக்கெட் 72 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய்விட்டது. எனவே இது அமெரிக்கக் கம்பெனியைத் திட்டும் கட்டுரை இல்லை. நாளைக்கு நம் கம்பெனியும் வேலி போடும் என்ற பயத்தில் எழுதுவது.

பொதுச் சொத்துக்கு வேலி போட்டு, பிறகு பிரித்த கதை தமிழனுக்குப் புதிதில்லை. வானத்தை விட்டு ஒரு நிமிஷம் பாட்டுக்கு வருவோம். பாரதியார் 1921-ல் இறந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. விலை கொடுத்து வாங்கியவர், சட்டப்படி அவரிடம் தப்பில்லை. சினிமாவில் பாரதி பாட்டை வேறு ஒருவர் பயன்படுத்த, கோர்ட் வரை போயிற்று. சுதந்திரத்தைப் பாடியவன் பாட்டுக்கே சுதந்திரம் இல்லையா என்று ஊர் கொந்தளித்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பாரதி குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. சில வருஷங்களில் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். நாட்டுடைமை என்ற பழக்கத்துக்கு அது பிள்ளையார் சுழி.

அதன் பலன் ஐம்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் ஸ்விட்சர்லாந்தில் இருந்துகொண்டு மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் ராத்திரி உட்கார்ந்து தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் தட்டினார்கள். யாரும் பாரதிக்காக வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை.

தாகூர் விஷயத்தில் நேர்மாறு. 1941-ல் காலமானவர். அன்றைய சட்டப்படி 50 வருஷம் முடிந்து 1991 கடைசியில் பொதுவாகியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் 60 வருஷம் என்று இழுத்துவிட்டார்கள். இன்றும் அதுதான் கணக்கு. டிஜிட்டல் வந்தபின் வேலி இன்னும் விசித்திரம். 2009 ஜூலையில் அமேசான், தான் விற்ற சில மின்புத்தகங்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து ராவோடு ராவாக அழித்தது. விற்றவருக்கே உரிமை இல்லையாம். அழிந்தவற்றில் ஒன்று ஆர்வெல்லின் ‘1984’. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால், நமக்கு ஒன்று புரிந்தது. மின்புத்தகம் வாங்குவது பட்டா இல்லை, குத்தகை.

எழுதினவனுக்குக் காசு வரவேண்டும். நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான். ராக்கெட் விட்டவனுக்கும் லாபம் வரட்டும். கேள்வி, வேலி எத்தனை நாளைக்கு, எவ்வளவு தூரத்துக்கு, யார் சொல்லி என்பதுதான். பாரதி விஷயத்தில் முதலில் விற்றுவிட்டுப் பிறகு மீட்டோம். பாட்டை மீட்கலாம். சிதறிப்போன செயற்கைக்கோளை எப்படிப் பொறுக்குவது? அதனால் வானத்துக்கு மட்டுமாவது முன்கூட்டியே விதி வேண்டும்.

கஷ்டமான விதி ஒன்றும் இல்லை. ஒடுகத்தூர் சந்தையில் இருப்பதுதான். யாரும் வரலாம், விற்கலாம். சுங்கம் கட்ட வேண்டும். அடுத்தவன் வழியை மறிக்கக்கூடாது. வியாபாரம் முடிந்தால் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்த செயற்கைக்கோளை ஐந்து வருஷத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று அமெரிக்கா 2022-ல் விதி செய்தது. 2030-க்குள் குப்பை போடாத பயணங்கள் என்று இஸ்ரோ 2024-ல் இலக்கு அறிவித்தது. நல்ல ஆரம்பம். எத்தனை செயற்கைக்கோள் வரை, எவ்வளவு பளபளப்பு வரை என்பதையும் சேர்த்து, எல்லா நாடும் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த மேஜையில், யுரேனஸ் வளையத்துக்குச் சாட்சி சொன்ன நாடு என்ற முறையில் நமக்கு உரக்கப் பேச உரிமை இருக்கிறது.

அன்று பெரியவர் இரண்டு ஆட்டையும் விற்றுவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அடுத்த தடவை பார்த்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். ‘உங்களைக் கேட்காமல்தான் விட்டார்கள் பெரியவரே. கேட்டிருக்க வேண்டும்.’