டெஸ்ட்டுக்குப் போனால் டெஸ்ட் மட்டும்தான்

"டாக்டர் எழுதிக் கொடுத்தார், எடுத்துட்டேன். பில்லைப் பார்த்த அப்புறம்தான் தெரிஞ்சது." அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலை டவுனுக்கு டெஸ்ட் எடுக்கப் போய் வருபவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். முன்னாடியே விசாரிப்பது நோயாளியின் பொறுப்பு இல்லையா என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல ஒரு வழக்கு இருக்கிறது.

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, அம்மாவிடம் சம்மதம் வாங்கி கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2008 ஜனவரி 16-ல் வந்த தீர்ப்பு இதுதான்: உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது. நோயாளிக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு.

செலவு விஷயத்தைப் பேசியது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம். கட்டணத்தை முன்பே தெரிந்துகொள்வதும், எந்த லேபில் டெஸ்ட் எடுப்பது என்று முடிவு செய்வதும் நோயாளியின் உரிமை என்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை அமல்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

ஆகவே அவசரமில்லாத டெஸ்ட் என்றால் சீட்டு கைக்கு வந்ததும் கேளுங்கள்: "இது எதுக்கு? எவ்வளவு ஆகும்? வேற லேப்ல எடுக்கலாமா?" கேட்பது நம்ம பொறுப்பு. பதில் சொல்வது அவங்க கடமை.