தத்தாரியும் மாரோவும்: ஒரு புதருக்குள் இரு வரலாறுகள்

அமெரிக்காவின் வடகிழக்குக் காட்டோரங்களில் ஒரே புதராகக் கண்ணுக்குத் தோன்றும் ஹனிசக்கிள், உண்மையில் இரு வேறு வழிகளில் வந்து கலந்த குடிகள். முதலாவதற்கு லின்னேயஸ் 1753இல் 'லோனிசெரா தத்தாரிக்கா' எனப் பெயரிட்டார். முற்சொல் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஆதாம் லோனிட்சரைக் குறிப்பது. 'தத்தாரி' என்பதோ ஆசியாவின் உட்பகுதி முழுவதையும் ஐரோப்பியர் திணித்து வைத்த ஒரு பெருஞ்சாக்கு. சைபீரியா, மத்திய ஆசியச் செடியான இது தோட்டக்கலையின் வழியே ஐரோப்பாவிற்கும் பின்னர் அமெரிக்காவிற்கும் சென்றது.

இரண்டாவது, போர்க்கப்பலின் நிழலில் அறிவியலுக்குள் நுழைந்தது. 1854இல் கமடோர் பெர்ரி பீரங்கிகளைக் காட்டி ஜப்பானை கனகாவா உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். ஷிமோடா, ஹகோடாடே துறைமுகங்கள் திறந்தன. அப்படையுடன் வேளாண் வல்லுநராகச் சென்றவர் மருத்துவர் ஜேம்ஸ் மாரோ. மொழிபெயர்ப்பாளர் வெல்ஸ் வில்லியம்ஸ். இவ்விருவரும் சேகரித்த உலர்செடிகளை ஆராய்ந்த ஹார்வர்டின் ஆசா கிரே, ஒன்றுக்கு 'லோனிசெரா மாரோவி' எனப் பெயர் சூட்டினார். ஜப்பானியர் தம் செடிக்கு என்ன பெயர் வைத்திருந்தனர் என்பது அப்பெயரில் இடம்பெறவில்லை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. தத்தாரியின் இலை மழமழப்பானது; பூ இளஞ்சிவப்பு அல்லது வெண்மை, வாடும்போதும் மஞ்சளாகாது. மாரோவின் இலையடியில் மென்மயிர் படர்ந்திருக்கும்; வெண்பூ முதிர்ந்து மஞ்சளாகும்; பூங்காம்பும் குட்டை. சிக்கல் இவற்றின் கலப்பில்தான். ஆசியாவில் தனித்தனியே வாழ்ந்தவை தோட்டங்களில் அடுத்தடுத்து நடப்பட்டதும் இணைந்தன. அக்கலப்பினத்திற்கு ஜெர்மானியர் ஸாபெல் 1889இல் 'பெல்லா', அதாவது அழகி, எனப் பெயரிட்டார். அழகியோ வளமான விதை தந்து, பெற்றோருடன் மீண்டும் கலந்து, எல்லைகளை அழித்துவிட்டாள். ஆகவே பழைய உலர்செடித் தாள்களில் 'தத்தாரிக்கா' என்றிருப்பதை அப்படியே நம்பி ஊடுருவலின் காலவரிசையை எழுதுவது ஆபத்து. நம் காடுகளின் உண்ணிச்செடியும் ஒற்றைப் பெயருக்குள் அடங்கிய பல கலப்புகளே என்பதை இங்குள்ள ஆய்வாளர் அறிவர்.

தாள்கள் தடுமாறும் இடத்தில் ஒரு பறவை சாட்சி சொல்கிறது. சீடார் வாக்ஸ்விங் என்னும் பறவையின் வால்நுனி மஞ்சள் நிறமுடையது. 1960களிலிருந்து ஆரஞ்சு வால்நுனிப் பறவைகள் தென்படலாயின. இறகு முளைக்கும் பருவத்தில் உண்ட மாரோ பழங்களின் ரோடோசாந்தின் என்னும் நிறமியே காரணம். அருங்காட்சியகத் தோல்களில் அந்த ஆரஞ்சு எந்த ஆண்டு, எந்த ஊரில் தொடங்குகிறது என்று தேடுவது, பெயர்ச்சீட்டுகளை மட்டும் புரட்டுவதைவிடப் பயனுள்ளது.