'மெசையா' மக்களிசையான வரலாறு

நத்தார்ப் பண்டிகை அண்மிக்கும் வேளையில் இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றிலே ஒரு காட்சியைக் காணலாம். பகலெல்லாம் கடையிலும் ஆலையிலும் பாடசாலையிலும் தொழில் புரிந்தோர், மாலையில் ஒரு மண்டபத்திலே கூடிக் கையிற் பாட்டுப் புத்தகத்துடன் பயிற்சி செய்வர். இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர் அவர். ஆயினும், அவர் பெரிதும் விரும்பிப் பாடுவது இசையுலகின் பெரும் படைப்புக்களுள் ஒன்றாகிய 'மெசையா' ஆகும். இது நத்தாருக்கென ஆக்கப்பட்டதன்று. ஊர்ப் பாடற்குழுக்களுக்கென ஆக்கப்பட்டதுமன்று. அவ்வாறாயின், இஃது அவர்களுடைய உடைமையானது எங்ஙனம்?

இதனை ஆக்கியவர் ஜோர்ஜ் பிரெடெரிக் ஹண்டெல். 1685ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிற் பிறந்து, இலண்டனிலே வாழ்ந்தவர். இசைநாடகங்களாற் புகழீட்டிய அவர், 1741இல் அந்நாடகங்களுக்கு ஆதரவு குன்றிய நிலையில் இருந்தார். அப்பொழுது சார்ள்ஸ் ஜென்னென்ஸ் என்னும் செல்வர், வேதாகம வாக்கியங்களைத் தெரிந்து தொகுத்து அவரிடம் அளித்தார். ஆகஸ்ட் 22ஆந் திகதி தொடங்கிய ஹண்டெல், செப்டெம்பர் 14ஆந் திகதி முழு நூலையும் முடித்தார். வேடமும் நடிப்பும் இன்றி, சமயப் பொருளைத் தனிக்குரலாலும் கூட்டுக்குரலாலும் பாடும் ஒரட்டோரியோ என்னும் வகையைச் சேர்ந்தது அது.

முதல் அரங்கேற்றம் நிகழ்ந்தது இலண்டனில் அன்று. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே. அங்குள்ள இரு பேராலயங்களின் பாடகரும் அதற்குத் தேவைப்பட்டனர். அவற்றுள் ஒன்றின் தலைவர், 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் சுவிப்ட். தம் பாடகர் இசைமண்டபத்திற் பாடலாகாதென முதலிலே தடுத்த அவர், பின்னர் இணங்கினார். 1742 ஏப்பிரில் 13ஆந் திகதி நண்பகலில், பிஷாம்பிள் வீதி மண்டபத்திலே ஏறக்குறைய 700 பேர் நெருங்கியிருந்தனர். இடம் போதாமையைக் கருதி, பெண்கள் வளையம் வைத்த பாவாடையையும் ஆண்கள் உடைவாளையும் தவிர்த்து வருமாறு முன்னரே வேண்டப்பட்டிருந்தது. அன்று சேர்ந்த பணம் சுமார் 400 பவுண். அது இரண்டு வைத்தியசாலைகளுக்கும், கடன் இறுக்க இயலாது சிறையில் வாடியோரின் விடுதலைக்கும் பங்கிடப்பட்டது. அதனால் 142 பேர் சிறை நீங்கினர் என்பர். அவர்களுள் எவரும் அவ்விசையைக் கேட்டிருத்தல் அரிது. அதன் பயனை முதலில் நுகர்ந்தவரோ அவர்களே.

இலண்டன் அத்துணை அன்புடன் வரவேற்கவில்லை. 1743இல் கவண்ட் கார்டன் நாடக அரங்கிலே அது பாடப்பட்டபோது, இறைவாக்கை நாடகக் கொட்டகையிற் பாடுதல் தகுமோ எனப் பத்திரிகையிலே கண்டனம் எழுந்தது. அவ்வெதிர்ப்பு ஓய்ந்ததும் அறத்தினாலேயே எனலாம். கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணிய இலண்டன் இல்லத்தின் ஆலயத்திலே, 1750 தொடக்கம் ஹண்டெல் இதனை நடத்தி நிதி திரட்டினார். கண்ணொளி இழந்த பின்னரும் அவர் இதனை மறந்தாரல்லர். 1759இல் உயிர் நீத்தபோது, இதன் பிரதியொன்றை அவ்வில்லத்திற்கே மரணசாதனத்தில் எழுதி வைத்திருந்தார்.

எனினும், கேட்டு மகிழ்ந்த மக்கள் தாமே பாடத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலேயாம். யோர்க்ஷயரிலே, கம்பளி ஆலைகள் மலிந்த ஹடர்ஸ்பீல்ட் நகரில், 1836ஆம் ஆண்டு ஒரு பாடற்சங்கம் தோன்றியது. அத்தகைய சங்கங்கள் வேறிடங்களிலும் பெருகின. தொழிலாளருக்கு இருந்த தடைகள் இரண்டு: இசைநூலின் விலை, இசைக் குறியீட்டை வாசிக்க அறியாமை. நொவெல்லோ பதிப்பகத்தார் மலிவான பதிப்புக்களை வெளியிட்டு முதல் தடையை நீக்கினர். சேரா குளோவர் என்னும் ஆசிரியை வகுத்த முறையைத் தழுவி, ஜோன் கேர்வென் என்னும் போதகர் பரப்பிய 'டொனிக் சொல்பா' முறை இரண்டாவதை நீக்கிற்று. நமது ச ரி க ம போன்று, ஸ்வரங்களை எழுத்துக்களாற் குறிப்பது அம்முறை. ஐந்து கோடுகளையும் புள்ளிகளையும் கண்டு அஞ்சியவர், எழுத்தைக் கண்டு துணிந்து பாடினர்.

நத்தாரோடு இதற்கு ஏற்பட்ட உறவும் ஆராயத்தக்கது. பாடுகளின் வாரத்திலே இது பாடப்படவேண்டும் என்பதே ஜென்னென்சின் விருப்பம். ஹண்டெலும் பெரும்பாலும் உயிர்த்த ஞாயிறை அண்டிய நாட்களிலேயே நடத்தினார். மூன்று பகுதிகளுள் முதலாவதே கிறிஸ்துவின் பிறப்பைக் கூறுவது. அனைவரும் அறிந்த 'அல்லேலூயா'க் கூட்டுப்பாட்டோ இரண்டாம் பகுதியின் முடிவிலே வருவது. ஆயினும், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, ஹண்டெல்-ஹைடன் சங்கத்தார் 1818 டிசெம்பர் 25ஆந் திகதி இதனை முழுமையாகப் பாடினர். காலப்போக்கில் நத்தார் வழக்கமே நிலைத்தது. இன்று குழுக்கள் பல முதற் பகுதியை மட்டும் பாடி, 'அல்லேலூயா'வை அதன் இறுதியிற் சேர்த்துக் கொள்கின்றன. நூலின் ஒழுங்கு குலைகின்றதே எனப் புலமையோர் வருந்தலாம். பாடுவோர் தமக்கு வேண்டியதைத் தெரிந்து கொண்டனர் என்பதே வரலாறு கூறும் உண்மை.

ஆக்கியோன் கருதிய காலம் வேறு. அரங்கேறிய இடம் வேறு. மக்கள் தமதாக்கிக் கொண்ட வகை வேறு. மாறாது நின்றது ஒன்று: பிறர் துயர் தீர்க்கப் பலர் கூடிப் பாடுதல். இன்றும் நத்தார் நிகழ்ச்சி முடிவிலே வாயிலில் உண்டியல் ஏந்தி நிற்கும் பாடகர், டப்ளினிலே சிறைக்கதவு திறந்த அந்நாளின் மரபையே தொடர்கின்றனர்.