சாகாத ஆடுகள்

ஒரு நாளைக்கு எத்தனை தடவை "ஃபார்எவர்" என்று சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் அந்தச் சொல்தான். சிநேகிதிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினாலும் அந்தச் சொல்தான். இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் "என்றென்றும்" என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசும்போது அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது மேடையிலும் வாழ்த்து மடலிலும் வாழும் சொல்.

வீட்டில் கேட்கும் சொல் வேறு. "நித்தமும் இதே கதைதான்" என்று அம்மம்மா சலித்துக்கொள்வார். நித்தம் என்றால் தினமும். கோயில் அறிவித்தலில் வரும் "நித்திய பூசை"யும் தினமும் நடக்கும் பூசைதான். ஆனால் மரண அறிவித்தலில் "நித்திய வாழ்வு" என்று வந்தால் அதன் பொருள் முடிவே இல்லாத வாழ்வு. இலங்கையில் பட்டிப்பூ என்று சொல்லும் செடிக்கு நித்தியகல்யாணி என்றும் பெயர் உண்டு. எப்போது பார்த்தாலும் பூத்திருப்பதால் வந்த பெயர்.

தினமும், எப்போதும், முடிவில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல் இது. அங்கேயும் அதற்கு இந்தப் பொருள்கள் உண்டு. தினசரி வேலைக்கும் முடிவில்லாத காலத்துக்கும் என்ன தொடர்பு? இதற்கு நான் கண்ட நல்ல பதில் சோழர் காலக் கோயில் விளக்குகளில் இருக்கிறது.

முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவடைந்தது. அதன் சுவர்களில் நீளமான கணக்குகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றில் ஒரு பகுதி விளக்குகளைப் பற்றியது. இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். நந்துதல் என்றால் கெடுதல், அணைதல். நந்தா என்றால் அணையாத.

ஒரு விளக்கை எப்போதும் எரியவைப்பது எப்படி? எத்தனை குடம் நெய் கொடுத்தாலும் ஒரு நாள் தீர்ந்துவிடும். அதனால் நெய்யைக் கொடுக்காமல் ஆடுகளைக் கொடுத்தார்கள். தஞ்சைக் கணக்கின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இவற்றை இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு.

ஆடு சாகாதா? சாகும். ஆனால் குட்டியும் போடும். கிழட்டு ஆடு போன இடத்தில் குட்டி வளர்ந்து நிற்க வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது. அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் இந்த மந்தைக்கு ஓர் அழகான பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. மூத்தல் என்றால் முதுமை அடைதல். இறக்காத, மூப்படையாத ஆடுகள்! ஒவ்வோர் ஆடும் இறக்கத்தான் செய்தது. மந்தைதான் இறக்கவில்லை.

எவ்வளவு காலத்துக்கு இந்த ஏற்பாடு? அதற்கும் கல்வெட்டில் ஒரு சொல் இருக்கிறது: சந்திராதித்தவல். ஆதித்தன் என்றால் சூரியன். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது பொருள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று, உறுத்துவது ஒன்று. பிடித்தது, அரசனின் பெயர் உள்ள அதே சுவரில் ஆடு மேய்த்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. உறுத்துவது, அரசன் ஒரு தடவை கொடுத்தான், இடையர் தினமும் கொடுக்க வேண்டியிருந்தது. மழையென்றாலும் நோயென்றாலும் உழக்கு நெய் உழக்கு நெய்தான். அவருக்குப் பிறகு அவருடைய உறவினர் அளக்க வேண்டும். "என்றும்" என்ற சொல்லை யார் சொன்னாலும், அதைச் சுமந்தது அவர்கள் குடும்பம்.

சந்திரனும் சூரியனும் இருக்கின்றன. சோழ அரசு 13ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் மறைந்துவிட்டது. அந்த மந்தைகளும் இன்று இல்லை. அளக்க ஆள் இல்லாத நாளில் அணையா விளக்கும் அணையும். கல்லில் எழுதியது மட்டும் மிஞ்சியது. அதுவும் வாசிக்க ஆள் இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹூல்ட்சு என்ற ஜெர்மானிய அறிஞரும் அவருடன் வேலை செய்த தமிழ் அறிஞர்களும் அந்தச் சுவர்களைப் படியெடுத்து அச்சிட்டார்கள்.

நம் விழாக்களில் "தமிழ் என்றென்றும் வாழும்" என்று யாராவது சொன்னால் எல்லோரும் கைதட்டுவோம். நானும் தட்டுவேன். ஆனால் இப்போது மனதுக்குள் ஆடுகளை எண்ணுகிறேன். அம்மம்மாவின் சகோதரர்கள் எல்லோரும் தமிழில் கடிதம் எழுதினார்கள். என் தலைமுறையில் நாங்கள் பதினொரு பேர். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். மந்தை குறைந்துகொண்டு வருகிறது.

இதற்கு மேடை தேவையில்லை, ஓர் உழக்கு போதும். தினமும் ஒரு பக்கம் வாசிக்கலாம். வாரம் ஒரு தடவை தம்பிக்கோ தங்கைக்கோ நான்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கலாம். இப்போதைக்கு நான் ஒரு மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில் தமிழ் எழுத்தில் மட்டும்தான் பதில் அனுப்புகிறேன். அவள் திட்டிக்கொண்டே வாசிக்கிறாள்.

உங்கள் வீட்டில் "நித்தம்" என்ற சொல்லை இன்னும் யார் சொல்கிறார்கள்? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.