கல்லின் பெயரும் வெட்டியவன் பெயரும்

மேலூருக்கு அருகே மாங்குளம் குன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைத் தமிழின் பழமைக்குச் சான்றாகவே நாம் கொண்டாடி வந்திருக்கிறோம். நான் அவற்றை வேறுவிதமாக வாசிக்கிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் உண்டு. துறவி கணிநந்தன் பெயர் உண்டு. வெள்ளறை நிகமத்து வணிகரும் உண்டு. கற்படுக்கையை வெட்டுவித்தவன் பதிவாகிறான். வெட்டுனவன் பேரு? அது கல்லில் ஏறவில்லை.

இன்றைய வணிகம் ஊரின் பெயரையும் அழிக்கிறது. மேலூர் வட்டாரத்தில் வெட்டப்பட்ட வெளிர்நிறக் கல் ஏற்றுமதியில் 'காஷ்மீர் ஒயிட்' ஆயிற்று. நம்மூரு கல்லுக்குக் காஷ்மீருன்னு பேரு! புவியியல்படி அது கிரானைட்டும் அல்ல, உருமாற்றப் பாறை. மெருகேறும் கடினக் கல் எதுவானாலும் வியாபாரத்தில் கிரானைட்தான். இந்தப் பெயரிடலில் குன்று, கண்மாய், கிராமம் எல்லாம் கழன்றுபோய்க் கல் வெறும் சரக்காக மிஞ்சுகிறது.

2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதிய கடிதம், முறைகேடான குவாரிகளால் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015இல் அறிக்கை வந்தது. ஆனால் அந்தப் பெருந்தொகை கருவூலத்தின் இழப்பு. துளையிடும்போது பறக்கும் சிலிகா தூசியைச் சுவாசித்து நுரையீரல் இறுகிப்போனவனின் இழப்பு எந்தக் கணக்கில் வரும்?

2022இல் பக்கத்து அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுக்கு ஒரு காப்பு கிடைச்சுது, சரி. கல் உடைச்சவங்களோட வரலாறு இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது. கல்வெட்டு வாசிக்கும் நாம் அங்கிருந்தும் தொடங்க வேண்டும்.