ரிஷிமூலமும் திருட்டுமூலமும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாதும்பாங்க. ஆனா நம்மாளுங்க விடறதில்லை. பூர்வீகம் தேடிப் போற எல்லாருக்கும் எப்படியோ ஒரு ராஜாவோ தளபதியோ மாட்டிடறார். அரண்மனையில பாத்திரம் தேய்ச்சவருக்கும் கோட்டைக்கு மண் சுமந்தவருக்கும் வாரிசே இல்லாம போயிடுச்சு போல :-)

இந்த விஷயத்துல ஆஸ்திரேலியாக்காரங்க நமக்கு நேர் எதிர். அங்கே பரம்பரையைத் தோண்டினா திருடன் கிடைக்கிறான். கிடைச்சா சந்தோஷமும் படறாங்க!

1788லிருந்து 1868 வரைக்கும், 80 வருஷத்துல, சுமார் 1,62,000 கைதிகளை பிரிட்டன் கப்பலேத்தி அங்கே அனுப்பியது. பெரும்பாலானவங்க செஞ்ச குற்றம் திருட்டு. அவங்க பேரப்பிள்ளைகள் காலத்துல இது மூச்சுவிடக் கூடாத குடும்ப ரகசியம். வான் டீமன்ஸ் லாண்ட் என்கிற தீவுக்குக் கைதிகள் வருவது 1853ல் நின்றது. அந்தக் கெட்ட பேர் போகணும்னு 1856ல் ஊர்ப் பேரையே டாஸ்மேனியான்னு மாத்திட்டாங்க.

1970களுக்கு அப்புறம்தான் காத்து திசை மாறிச்சு. கைதி மூதாதையர் இருக்காரான்னு ஆவணக் காப்பகங்கள்ல தேட ஆரம்பிச்சாங்க. அப்படித் தேடினா கிடைக்கிற கதைகளில் ஒண்ணு மேரி வேட்.

லண்டன் தெருவைக் கூட்டி, பிச்சை எடுத்துப் பிழைச்ச சின்னப் பொண்ணு. இன்னொரு பொண்ணோட சேர்ந்து, தன்னைவிடச் சின்னக் குழந்தையோட துணியைப் பிடுங்கி, அடகுக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கா. அதுக்கு 1789 ஜனவரியில் கிடைச்ச தீர்ப்பு தூக்கு! அந்த வருஷம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயிலிருந்து குணமானதைக் கொண்டாடறப்போ தூக்கு ரத்தாகி, நாடு கடத்தலாச்சு. 'லேடி ஜூலியானா' கப்பலில் 1790ல் சிட்னி போய்ச் சேர்ந்தா. 1859ல் அவ சாகறப்போ 300க்கும் மேற்பட்ட வாரிசுகள் உயிரோட இருந்தாங்க. 2007ல் பிரதமரான கெவின் ரட் அவ வழியில வந்தவர்தான்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து ஏழை ஒழுங்கா உழைச்சுச் செத்திருந்தா, சர்ச் பதிவேட்டில் பிறப்பு, கல்யாணம், சாவுன்னு மூணு வரியோட சரி. திருடினவனுக்கோ உயரம், கண்ணோட நிறம், தழும்பு, பச்சைகுத்து வரை எழுதி வெச்சிருக்காங்க. தண்டிக்கிறதுக்காக எழுதின கணக்கு, இன்னிக்கு ஒரு குடும்பத்துக்குக் கொள்ளுப்பாட்டியோட முகமா நிக்குது. அந்த ஆவணங்களை யுனெஸ்கோ 2007ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனா அந்தக் காகிதங்கள்ல இல்லாத ஒண்ணும் இருக்கு. தண்டனை முடிஞ்ச கைதிகள் பலருக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. யாரோட நிலம்? பல்லாயிரம் வருஷமா அங்கேயே வாழ்ந்த பூர்வகுடிகளோடது. துணி திருடினதுக்கு நாடு கடத்தினாங்க. ஒரு கண்டத்தையே எடுத்துக்கிட்டதுக்கு வழக்கே இல்லை. கொள்ளுப்பாட்டி திருடின துணியைப் பத்திச் சிரிச்சுக்கிட்டே சொல்றவங்க, தாத்தாவுக்குக் கிடைச்ச நிலத்தைப் பத்தியும் சொன்னாத்தான் கதை முழுசாகும்.

நமக்கும் இதே கணக்குதான். ராஜா வம்சம்னு மார் தட்டிக்கறதா இருந்தா, அந்த ராஜா கொளுத்தின ஊரும் நம்ம பரம்பரைச் சொத்துல சேர்த்திதான். அதையும் எழுதிக் கொள்ளத் தயாரா?