மூலிகைச் சாறு எப்போது மருந்தாகிறது?

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த செய்தி. ஆகவே சர்க்கரை நோய்க்கும் கொலஸ்ட்ராலுக்கும் செடி கொடிகளில் மருந்து தேடுவது நல்ல முயற்சியே. ஆனால் எந்த மூலிகை, எவ்வளவு, யாருக்கு என்பதைச் சோதனை செய்துதான் அறிய முடியும்.

இன்று சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வேரும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு பொருள் இருந்தது. ஆனால் அதில் நச்சுத்தன்மையும் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் 1957இல் வெளியிட்டார். அமெரிக்கா அதை அனுமதித்தது 1994இல்தான்.

சோதனை நடக்கும் முறை

முதலில் இலை, விதை அல்லது பட்டையை உலர்த்திப் பொடித்து, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். பிறகு, இன்சுலின் சுரக்கும் செல்களை ரசாயனத்தால் சேதப்படுத்திய எலிகளுக்கு அதைக் கொடுத்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைகின்றனவா, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இதில் தேறினால் அடுத்தது மனிதர்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாறும் மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கடைசி மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஆகியவற்றை இரு பிரிவிலும் ஒப்பிடுவார்கள்.

எலியில் தேறியது மனிதரில் தவறலாம்

குக்குலு என்ற மரப்பிசின் இதற்கு நல்ல உதாரணம். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் 1966இல் நடந்த ஆய்வில் அது முயல்களின் கொழுப்பைக் குறைத்தது. பின்னர் அதன் சாறு இந்தியாவில் கொலஸ்ட்ரால் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டபோது, குக்குலு சாப்பிட்டவர்களின் எல்டிஎல் குறையவில்லை, சற்றுக் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

நம் ஊர் சிறுகுறிஞ்சானின் நிலை வேறு. சென்னை ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகள் தங்கள் மாத்திரையுடன் தினமும் 400 மில்லிகிராம் இலைச்சாற்றை ஒன்றரை ஆண்டுக்கு மேல் எடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆனால் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. குலுக்கல் முறையும் போலி மாத்திரை ஒப்பீடும் அதில் இல்லை.

நபிமொழியால் நாம் நன்கறிந்த கருஞ்சீரகமும் சில சிறிய ஆய்வுகளில் சர்க்கரையையும் எல்டிஎல்லையும் ஓரளவு குறைத்திருக்கிறது. எனினும் அவை மாத்திரையுடன் சேர்த்து, குறுகிய காலம் பார்க்கப்பட்டவையே. மாத்திரையை விட்டுவிடலாம் என்று அவற்றிலிருந்து முடிவெடுக்க முடியாது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

• மூலிகையை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தக் கூடாது. டைப் 1 நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

• மாத்திரையும் மூலிகையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். நோன்பு நாட்களில் இந்த ஆபத்து அதிகம். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் உடனே சர்க்கரையைப் பரிசோதித்து, குறைந்திருந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது.

• பெயர் தெரியாத பொடிகளை வாங்க வேண்டாம். 'மூலிகை' என்று விற்ற சில பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்து கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது.

• எந்த மூலிகை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் கேட்காமல் எடுக்கவே கூடாது.

ஒரு மருந்தைப் பற்றி யாராவது சொன்னால், அது எலியில் பார்த்ததா, மனிதரில் பார்த்ததா, எத்தனை பேரில், எவ்வளவு காலம் என்று கேளுங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் நம் கடமை. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.